அழித்தேனா, மறைத்தேனா

ஃப்ளெக்ஸ் பேனரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு பூசாரி ஐயா கடைப்படி ஏறினார். குன்னம் பக்கத்துக் கிராமத்தில் செல்லியம்மனுக்குப் பூசை வைப்பவர், வயது எழுபதைத் தாண்டியிருக்கும். யாரும் மிதித்துவிடாதபடி நாற்காலிகளை ஓரமாக நகர்த்திவிட்டுப் பேனரைத் தரையில் விரித்தார். அம்மன் முகம் நன்றாக விழுந்திருந்தது. ஆனால் அவளைச் சுற்றிச் சாம்பலும் வெள்ளையுமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள், பத்தடிக்கு எட்டடி முழுக்க.

“ஏம்மா, ஆத்தாளுக்குப் பின்னாடி எதுக்குக் கட்டம் போட்டிருக்காங்க?”

“அது கட்டம் இல்லைங்கய்யா. பின்னாடி ஒண்ணுமில்லைன்னு அர்த்தம்.”

“ஒண்ணுமில்லைன்னா அது எப்படிம்மா கண்ணுக்குத் தெரியும்?”

அரியலூரில் 25 வருடமாக டிசைன் வேலை செய்கிறேன். பத்திரிகை, அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி, இப்போது கோயில்களுக்கும் கடைகளுக்கும் இணையதளம். ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது “பேக்ரவுண்ட எடுத்துட்டு பிஎன்ஜியா குடுங்க” என்று கேட்கிறார்கள். எடுத்துக் கொடுக்கிறேன். எடுத்த இடத்தில் என்ன இருக்கிறது என்று பூசாரி ஐயா கேட்கும்வரை நான் நின்று யோசித்ததில்லை.

கட்டம் வந்த கதை எளிது. படம் திருத்தும் மென்பொருள் பெரும்பாலும் ஊடுருவித் தெரியும் இடத்தை அந்தக் கட்டங்களால்தான் காட்டும். திரை என்றால் ஏதாவது ஒரு நிறத்தைக் காட்டித்தானே ஆக வேண்டும். ‘இங்கே எதுவும் இல்லை’ என்பதற்காக வைத்துக்கொண்ட அடையாளம் அது. யாரோ அந்த அடையாளத்தையே படமாகப் பிடித்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். ஊர் இளைஞர் ஒருவர் அதை இறக்கி, அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிட்டார். சிதம்பரத்தில் திரை விலகும்போது வெற்றிடத்தின் முன்னே பொன்னாலான வில்வ இலைகள் தொங்கும். இலை இடத்தைக் காட்ட வைத்தது. வெளியை எப்படித் தொங்கவிட முடியும்? பேனரில் இலையை வெளி என்றே அச்சடித்துவிட்டார்கள்.

ஜேபிஜி கோப்புக்கு ‘இல்லை’ என்று சொல்லவே தெரியாது. 1992இல் தரப்படுத்தப்பட்ட அந்த வடிவத்தில் ஒவ்வொரு புள்ளியும் ஏதாவது ஒரு நிறமாக இருந்தே தீர வேண்டும். வெற்றிடத்தைக் கொடுத்தால் வெள்ளை பூசித் திருப்பித் தரும், சில மென்பொருளில் கறுப்பு. குங்கும நிறத் தளத்தின் உச்சியில் அம்மனை ஜேபிஜியாக வைத்தால் வெள்ளைப் பெட்டிக்குள் நிறுத்தியதுபோல் இருக்கும். வெள்ளை என்பது ஒரு நிறம். அது இன்மை ஆகாது.

ஜிஃப் இதில் ஒரு படி மேல். 1987இல் வந்த ஜிஃப்புக்கு 1989இல் ஒரு வசதி சேர்த்தார்கள். அதிகபட்சம் 256 நிறங்கள் கொண்ட பட்டியலில் ஒன்றை ஒதுக்கி, ‘இந்த நிறம் வரும் இடமெல்லாம் இல்லை என்று கொள்க’ என எழுதிவைக்கலாம். ஆனால் ஒரு புள்ளி இருந்தால் முழுக்க இருக்கும், இல்லாவிட்டால் முழுக்க இல்லை. தொழில் கற்ற புதிதில் கற்பூர ஆரத்திப் படம் ஒன்றை ஜிஃப்பாக வெட்டியது நினைவிருக்கிறது. தட்டு சரியாக வந்தது. சுடரின் விளிம்பு ரம்பப் பல்லாகிவிட்டது. சாம்பிராணிப் புகையோ கிழித்துப்போட்ட காகிதம்போல் நின்றது. புகை பாதி இருப்பது, பாதி இல்லாதது. சைவத்தில் இறைவனுக்கு உருவம், அருவம், அருவுருவம் என்று மூன்று நிலை சொல்வார்கள். ஜிஃப்புக்கு அருவுருவம் தெரியாது.

அதைத் தெரிந்துகொண்டு வந்தது பிஎன்ஜி. ஜிஃப்புக்குள் இருந்த சுருக்கும் முறைக்குக் காப்புரிமைக் கட்டணம் கேட்கப்போகிறார்கள் என்று 1994 கடைசியில் தெரிந்ததும், இணையத்தில் கூடிய ஆர்வலர்கள் 1995இல் சில மாதங்களில் இதன் வரைவை உருவாக்கினார்கள். 1996 அக்டோபரில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரை கிடைத்தது. சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களோடு ஒவ்வொரு புள்ளிக்கும் நான்காவதாக ஓர் எண். 0 என்றால் தெரியவே தெரியாது, 255 என்றால் முழுக்கத் தெரியும், நடுவில் 254 நிலைகள். அந்த நான்காவது எண்ணுக்கு ஆல்பா என்று பெயர். எழுபதுகளின் பிற்பகுதியில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் ஆல்வி ரே ஸ்மித்தும் எட் கேட்மல்லும் யோசித்துக் கண்டது. இதன் வழியாகத்தான் புகை புகையாகவே வந்து சேர்ந்தது.

‘எவ்வளவு இல்லை’ என்பதையும் எழுதி வைக்க வேண்டும் என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல. மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளி என்ன? இங்கே உயிர் இல்லை என்ற குறிப்புதான். தொல்காப்பியம் அதற்கு இலக்கணமே சொல்கிறது. ஆனால் ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஏடு கிழியும் என்பதால் எழுதியவர்கள் விட்டுவிட்டார்கள். க என்று இருந்தால் க-வா, க்-கா என்பதைப் படிப்பவர்தான் இடம் பார்த்து நிரப்பிக்கொள்ள வேண்டும். எங்கள் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா கோயிலைக் கட்டி வாழ்ந்த வீரமாமுனிவர், குறில் எகர ஒகரத்துக்கும் நெடில் ஏகார ஓகாரத்துக்கும் இருந்த குழப்பத்தைத் தீர்க்க எழுத்தின் வடிவையே திருத்தினார். இன்மைக்கு ஓர் அடையாளம் இல்லாமல் போனால் ஒரு மொழி எவ்வளவு தடுமாறும் என்பது பழைய ஏடு படித்தவர்களுக்குத் தெரியும்.

சரி, பூசாரி ஐயாவின் கேள்வி. இல்லாதது கண்ணுக்குத் தெரியுமா?

இந்த நாட்டுத் தருக்க நூலோர் நூற்றாண்டுக் கணக்கில் மோதிக்கொண்ட கேள்வி இது. தரையில் பானை இல்லை. அந்த ‘இல்லை’யை நான் எப்படி அறிந்தேன்? கண்ணால்தான் கண்டாய், இன்மையும் ஒரு பொருளே என்கிறார்கள் நியாய வைசேடிகர்கள். கண்டது வெறுந்தரையைத்தான், இன்மை என்று தனியாக ஒன்று கிடையாது என்கிறார்கள் பிராபாகர மீமாம்சகர்கள். பாட்ட மீமாம்சகர்களுக்கு அது காட்சியே இல்லை. இருந்தால் தெரிந்திருக்கும், தெரியவில்லை, ஆகவே இல்லை என்று வேறொரு வழியில் பிறக்கும் அறிவு. மணிமேகலையின் 27ஆம் காதையில் வரும் அளவைகளின் பட்டியலில் அபாவமும் ஒன்று. சிவஞான சித்தியாரும் தன் அளவைப் பட்டியலில் அதைச் சேர்த்திருக்கிறது.

பிராபாகரர்கள் சொல்வதுதான் சரி என்று நெடுநாள் நினைத்திருந்தேன். வெறுந்தரைதான் இருக்கிறது, அதற்கு மேல் என்ன? என் அப்பா படத்தில் நடந்தது அந்த நினைப்பை மாற்றிவிட்டது.

2009 ஐப்பசிப் பௌர்ணமி. கங்கைகொண்ட சோழபுரத்தில் அன்னாபிஷேகம். நூறு மூட்டை அரிசி என்று சொல்வார்கள். காலையிலிருந்து வடித்து வடித்துக் கூடையில் கொண்டுவந்து சார்த்துவார்கள். இராசேந்திரன் வைத்த லிங்கம் 13 அடி உயரம். மாலைக்குள் அத்தனை பெரிய லிங்கம் சோற்றுக்குள் மறைந்துவிடும். கூட்டத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரிவது அன்னம் மட்டும்தான், ஆனாலும் எல்லோரும் லிங்கத்தைத்தான் கும்பிடுகிறார்கள். பிறகு அன்னத்தை எடுத்துக் கொடுக்கக் கொடுக்கக் கல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து தேறியிருந்த சமயம் அது. சிங்கக் கிணற்றுக்குப் பக்கத்தில் நிற்க வைத்து நான்தான் படம் எடுத்தேன். அவர் தடுமாறாமல் இருக்க அம்மா பின்னாலிருந்து முழங்கைக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தார். பின்னால் விமானம், தங்கை, ஓடிவந்த ஒரு குழந்தை. அப்பா சிரித்த படம் எங்களிடம் அது ஒன்றுதான்.

2013இல் அவர் போனபோது கண்ணீர் அஞ்சலிக்கு அந்தப் படத்தை எடுத்தேன். ஊரெல்லாம் இந்த வேலையைச் செய்து கொடுத்தவள், அன்று என் வீட்டுக்கு. கிம்ப் மென்பொருளில் அழிப்பானை வைத்து விமானத்தை எடுத்தேன், குழந்தையை, தங்கையை எடுத்தேன், அம்மாவை எடுத்தேன். சட்டைக்கையைப் பிடித்திருந்த நான்கு விரல்களை மட்டும் எடுக்க முடியவில்லை. விரலை எடுத்தால் அங்கே காட்டுவதற்குச் சட்டை இல்லை. விட்டுவிட்டேன். சுவரொட்டி வந்ததும் அம்மா வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னைய எடுத்துட்ட. விரல விட்டுட்ட.”

அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சாத்தனூர் கல்மரத்தையும் காரை ஓடைகளையும் சுற்றிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பன்னிரண்டு கோடி ஆண்டுக்கு முந்தைய மரம் அங்கே பதினெட்டு மீட்டருக்கு நீண்டு கிடக்கிறது. மரம் போய்விட்டது, மரம் இருந்த வடிவில் கல் இருக்கிறது. காரையில் நத்தைபோல் சுருண்ட கடல் உயிரின் பதிவு மண்ணில் இருக்கும், உயிரியின் ஓடு இருக்காது. அம்மாவின் நான்கு விரல்களும் அப்படித்தான் அப்பாவின் கையில் பதிந்திருந்தன.

2015இல் கடைக் கணினியின் ஹார்ட் டிஸ்க் போயிற்று. மூலப்படம் அதோடு போனது. மெமரி கார்டை என்றோ அழித்து மறுபடி பயன்படுத்திவிட்டிருந்தேன். மிஞ்சியது உறவினர்களுக்கு மெயிலில் அனுப்பிய அந்த பிஎன்ஜி மட்டும்: அப்பாவும் நான்கு விரல்களும். 2017இல் அம்மாவும் போய்விட்டார். அவர்கள் இருவரும் சேர்ந்து நிற்கும் படத்தை என் கையாலேயே அழித்துவிட்டேன் என்பது நெஞ்சில் முள்ளாக இருந்தது.

2021இல் ஊரடங்கு. கல்லூரி மூடியதால் தங்கை மகன் என்னோடு இருந்தான். என் பழைய கோப்புகளையெல்லாம் ஒரே வடிவுக்கு மாற்றிக் கொடுக்கிறேன் என்று பைத்தானில் சின்னதாக ஒரு நிரல் எழுதினான். ஜேபிஜி ஆக்கும்போது நான்காவது எண்ணை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டு முதல் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளும் நிரல். ஓட விட்டான். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டான்.

“பெரியம்மா, இங்க வாங்க. இதுல பாட்டி இருக்காங்க.”

இருந்தார். முழுதாக. அப்பாவின் கையைப் பிடித்தபடி, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. பின்னால் விமானம், தங்கை, ஓடிவந்த குழந்தை, சிங்கத்தின் முகம். எட்டு வருடமாக அந்தக் கோப்புக்குள்ளேயே இருந்திருக்கிறார்கள். வெட்டிய தடம் எங்காவது தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடினேன். இல்லை.

நடந்தது இதுதான். கிம்ப்பில் அழிப்பான் நிறத்தைத் தொடுவதில்லை. நான்காவது எண்ணை மட்டும் 0 ஆக்குகிறது. பிஎன்ஜியாகச் சேமிக்கும்போது ‘ஊடுருவித் தெரியும் புள்ளிகளின் நிறத்தையும் வைத்துக்கொள்ளட்டுமா’ என்று ஒரு சிறு பெட்டி கேட்கும். அதில் எப்போதோ டிக் விழுந்திருக்கிறது. பிஎன்ஜியும் அதற்கு இடம் கொடுக்கும் வடிவம். அதில் நிறம் தனி, தெரிவது தனி. இன்னொரு முறையும் உண்டு. லூகாஸ்ஃபிலிமில் இருந்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் 1984இல் எழுதிய கட்டுரையில் நிறத்தை ஆல்பாவால் பெருக்கி வைக்கச் சொன்னார்கள். படங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்க அது வசதி. ஆனால் எதையும் 0ஆல் பெருக்கினால் 0. அங்கே கண்ணுக்குத் தெரியாத புள்ளிக்கு நிறமும் கிடையாது.

அதே வாரத்தில் தங்கை மகன் படங்களையெல்லாம் கூகுளின் வெப்-பி வடிவுக்கு மாற்றலாம் என்றான். ஆல்பாவும் உண்டு, தரம் குறையாமல் பிஎன்ஜியை விட 26 விழுக்காடு சிறிதாகும் என்று கூகுளே சொல்கிறது. கிராமத்துக் கோயில் தளத்தை விட்டு விட்டு வரும் சிக்னலில் திறப்பவர்களுக்கு அது பெரிய உதவி. மாற்றினோம். அப்பா படத்தையும் மாற்றிவிட்டு, அதே நிரலால் திறந்து பார்க்கச் சொன்னேன். அப்பா இருந்தார், நான்கு விரல்கள் இருந்தன, சுற்றிலும் ஒன்றுமே இல்லை. தனியாகச் சொல்லாவிட்டால் அந்த மாற்றி, தெரியாத புள்ளிகளின் நிறத்தை இடம் மிச்சப்படுத்த எடுத்துவிடும்.

இரண்டு கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தேன். திரையில் ஒரு மயிரிழை வித்தியாசம் கிடையாது. இரண்டிலும் அப்பாவைச் சுற்றி அதே வெறுமை. ஒன்றில் அம்மா இருக்கிறார், ஒன்றில் இல்லை. வெறுந்தரைதான் எல்லாம் என்றால் இந்த இரண்டு வெறுந்தரைக்கும் உள்ள வேறுபாடு எங்கே இருக்கிறது?

மாதம் ஒரு ஞாயிறு சைவ சித்தாந்த வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே ஐந்தொழில் பாடம் நடந்தபோது ஒரு சந்தேகம் கேட்டிருந்தேன். படைத்தல், காத்தல், அழித்தல் என்று மூன்று இருக்கையில் மறைத்தல் எதற்குத் தனியாக? ஆசிரியர் நடராசர் படத்தைக் காட்டினார். உண்மை விளக்கம் சொல்கிறபடி உடுக்கை படைத்தல், அமைத்த கை காத்தல், கையில் ஏந்திய தீ அழித்தல், ஊன்றிய பாதம் மறைத்தல், தூக்கிய பாதம் அருளல். அன்று எழுதிக்கொண்டேன், விளங்கவில்லை. சித்தாந்தத்தில் எதுவும் இல்லாமல் போவதே கிடையாது. அழித்தல் என்பதுகூட உயிர்களின் இளைப்பு ஆற உலகை மாயைக்குள் ஒடுக்கி வைப்பது, பிறகு அதிலிருந்தே தோன்றும். அப்படியானால் அழித்தலும் ஒருவகை மறைத்தல்தானே?

விடை அந்த இரண்டு கோப்புகளைப் பார்த்தபோது கிடைத்தது. அழித்தல் பொருளுக்கு நேர்வது. மறைத்தல் பார்ப்பவருக்கு நேர்வது. யாரிடமிருந்து மறைத்தாய் என்று கேட்கலாம்; யாரிடமிருந்து அழித்தாய் என்று கேட்க முடியாது. மறைப்பில் எப்போதும் எதிரே ஒருவர் நிற்கிறார். அதனால்தான் சித்தாந்திகள் அதை உலகத்தின் கணக்கில் எழுதாமல் உயிரின் கணக்கில் எழுதினார்கள். உயிர் பக்குவப்படும்வரை உண்மையை மறைத்து, உலகை நுகர விட்டு, பக்குவம் வந்ததும் அதே சக்தி அருளாக மாறுகிறது. மறைக்கும்போது அதற்கு மறக்கருணை என்று பேர். கருணை என்ற சொல் மறைப்புக்கும் கிடைத்திருக்கிறது என்பதை அன்றுதான் மனசாரப் படித்தேன்.

வெப்-பியில் நடந்தது சித்தாந்தத்தின் அழித்தல்கூட இல்லை. அங்கே ஒடுங்கியது எதிலிருந்தும் திரும்பத் தோன்றாது. சிவஞான முனிவர் தமிழில் தந்த தருக்கசங்கிரகம் இன்மையை நான்காகப் பிரிக்கிறது. பானை வனையும் முன்பு இருக்கும் இன்மை, உடைந்த பின் வரும் இன்மை, காற்றில் நிறம் இல்லாததுபோல் என்றுமே உள்ள இன்மை, பானை துணி அல்ல என்கிறபோது ஒன்றில் மற்றொன்று இல்லாத இன்மை. இரண்டாவதுக்கு அழிவுபாட்டபாவம் என்று பேர். அதற்குத் தொடக்கம் உண்டு, முடிவு கிடையாது. வெப்-பி கோப்பில் அம்மா அடைந்தது அதை.

என் தொழிலிலேயே இதை முன்பு ஒருமுறை செய்திருக்கிறேன், அறியாமல். 2001இல் பெரம்பலூரிலிருந்து பிரித்து அரியலூர் தனி மாவட்டம் ஆனது. கடைக்காரர்கள் எல்லோரும் லெட்டர்பேடில் ‘அரியலூர் மாவட்டம்’ என்று மாற்றினார்கள். 2002இல் திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். நான் அந்த வரியை அழிக்கவில்லை. லேயருக்கு எதிரே இருக்கும் கண் குறியை மூடி வைத்தேன். 2007 நவம்பரில் மறுபடி மாவட்டம் வந்தபோது கண்ணைத் திறந்தேன், எழுத்து வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. அந்த ஐந்து வருடமும் எங்கள் மாவட்டம் எங்கே இருந்தது? என்னைக் கேட்டால் என் கணினியில் இருந்தது.

பூசாரி ஐயாவுக்கு இவ்வளவையும் சொல்லவில்லை. புது பேனர் செய்ய அவரை உட்கார வைத்து, அவர் ஊர் அம்மனை அவர் கண் முன்னாலேயே வெட்டினேன். திரையில் அதே கட்டம் வந்தது. “இதாம்மா, இதேதான்” என்றார். அடியில் வேப்பிலைப் படம் ஒன்றை நகர்த்தி வைத்தேன். கட்டம் போயிற்று. அம்மனின் முடி ஓரத்தில், தீபப் புகையின் நடுவில் வேப்பிலையின் பச்சை தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்குச் சிறுவாச்சூர் மதுரகாளியிடம் பெரிய பக்தி. அந்தக் கோயிலில் வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பார்கள், மற்ற நாளில் அம்மன் பெரியசாமி மலையில் இருப்பதாக ஐதிகம். “நான் செவ்வாக்கிழமையும் போவேம்மா” என்றார். “கதவத் தொட்டுக் கும்பிட்டுட்டு வருவேன். சாத்திக் கெடக்குதேன்னு ஒரு நாளும் நெனச்சதில்ல. அவ மலைக்குப் போயிருக்கா. இல்லாமப் போகல.” கல்லங்குறிச்சிக்காரர் ஒருவரும் முன்பு இப்படித்தான் ஒன்று சொன்னார். அவர்கள் ஊர்க் கலியுக வரதராசப் பெருமாள் கோயிலில் கம்பமே மூலவர். முகத்தை மட்டும் பெரிதாக வெட்டிக் கொடுங்கள் என்று கேட்க அங்கே முகமே கிடையாது. “கம்பத்தயே முழுசா வைங்க. எங்களுக்கு அதுல எல்லாம் தெரியும்” என்றார்.

பிஎன்ஜியே நல்லது, மறைத்து வைப்பதே கருணை என்று இங்கே முடித்துவிட எனக்கு ஆசைதான். முடியாது.

2018இல் ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். தையல் கடை தொடங்குகிறாள், பலகைக்குப் படம் வேண்டும். மகளின் காதணி விழாவில் எடுத்த படம்: அவள், மடியில் குழந்தை, பக்கத்தில் கணவன். “அவரு வேணாம் அக்கா. அவரு இருந்த தடம்கூட வேணாம்.” ஏன் என்று நான் கேட்கவில்லை. அவள் புருவத்தின் மேல் இருந்த தழும்பு போதும். உட்கார்ந்து வெட்டிக் கொடுத்தேன். குழந்தையின் தலையில் இருந்த அவன் கையைக்கூடப் புள்ளி புள்ளியாக முடியால் மூடினேன். பிஎன்ஜியாகச் சேமித்து, டாக்குமென்ட்டாக வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவளுடைய பலகை, விசிட்டிங் கார்டு, கடையின் பக்கம் எல்லாவற்றிலும் அந்தக் கோப்பு ஏறியது.

அம்மா திரும்பி வந்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வராததற்குச் சந்தோஷம் மட்டும் காரணமில்லை. ஹார்ட் டிஸ்க் மாறியும் அதே கிம்ப், அதே டிக் விழுந்த பெட்டி. எனக்கு அம்மாவைக் காத்துக் கொடுத்த அதே நான்காவது எண், அந்தப் பெண்ணின் கோப்புக்குள் அவனையும் காத்து வைத்திருக்கும். மறைத்தலும் அருளலும் ஒரே கையில் இருக்க வேண்டியவை. எப்போது திறக்க வேண்டும் என்று அறிந்தவன் மறைக்கலாம். நான் மறைத்ததை யார் எப்போது திறப்பார்கள் என்பது என் கையில் இல்லை. தங்கை மகன் அறியாமல் திறந்தான். அவள் கோப்பை அறிந்தே ஒருவன் திறக்கலாம். அவளிடம் நான் ‘அழித்துவிட்டேன்’ என்று சொல்லியிருந்தேன்.

அவளுக்கு வேண்டியிருந்தது அழிவுபாட்டபாவம். தொடங்கினால் முடியாத இன்மை.

அன்றிலிருந்து கடையில் இரண்டு வழக்கம் வைத்திருக்கிறேன். நினைவுக்காகக் கேட்பவர்களுக்கு மூலப்படத்தைத் தனியாக எடுத்துவைக்கச் சொல்லி, பிஎன்ஜியில் நிறத்தையும் காத்துக் கொடுக்கிறேன். விலக்கக் கேட்பவர்களுக்கு மறைந்த இடத்தை ஒரே நிறத்தால் நிரப்பி, பெட்டியில் டிக்கை எடுத்துவிட்டு, தங்கை மகனின் நிரலால் ஒருமுறை திறந்து பார்த்த பிறகே அனுப்புகிறேன். பழைய கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். முந்நூறுக்கு மேல். யார் யாரோ வெளியே வந்தார்கள். செத்துப்போன மாமனார், பிரிந்துபோன நண்பன், கட்சி மாறிய தலைவர், ஒரு திருமணப் படத்தில் ஓரமாக நின்ற என் அப்பா.

அவள் கோப்பு வெகு நாள் அகப்படவில்லை. கொஞ்ச நாள் முன்பு பழைய பென் டிரைவ் ஒன்றில் கிடைத்தது. நிரலில் போட்டேன். குழந்தையின் தலையில் மட்டும் நான் மூடிய முடி இருந்தது. மணிக்கட்டோடு மறைந்த கைக்கு மேல் அவன் முழுதாக நின்றான், சிரித்துக்கொண்டு.

நிறத்தை எல்லாம் எடுத்துவிட்டுப் புதுக் கோப்பு செய்து, இரண்டு முறை சோதித்து, அவளுக்கு அனுப்பினேன். ‘பழைய ஃபைல் எங்க இருந்தாலும் எடுத்துட்டு இத வச்சுக்கம்மா’ என்று எழுதினேன். கால் மணி நேரத்தில் நீல டிக் விழுந்தது.

‘ஏன் அக்கா, பழசுல என்ன?’

விரலைத் திரையின் மேல் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். கடை அடைக்கும் நேரமாகிவிட்டது. இன்னும் பதில் எழுதவில்லை.